என்ன உரம் போடலாம் அக்கா?

மொட்டை மாடியில் நாலு செடி பச்சையாகத் தெரிந்தால் போதும், அக்கம்பக்கத்தில் நமக்குச் செடி வைத்தியர் பட்டம் தானாக வந்துவிடும். லிஃப்டில் பிடித்துக் கேட்பார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து கேட்பார்கள். கேள்வியின் வால் மட்டும் மாறுவதே இல்லை. "ரோஜா பூக்கவே மாட்டேங்குது, என்ன உரம் போடலாம்?" "கறிவேப்பிலை குச்சியாவே நிக்குது, என்ன ஊத்தலாம்?" "மிளகாய் இலை சுருண்டுபோச்சு அக்கா, என்ன மருந்து அடிக்கலாம்?" போடலாம், ஊத்தலாம், அடிக்கலாம். எல்லாம் இந்த மூன்றில் ஒன்றில்தான் வந்து நிற்கும்.

நான் பதிலுக்குக் கேட்பது வேறு. வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? தொட்டி எவ்வளவு பெரிது? எந்த மாதத்தில் விதைத்தீர்கள்? தண்ணீர் ஊற்றும் முன் மண்ணைத் தொட்டுப் பார்த்தீர்களா? கேட்டவருக்கு லேசாகச் சலிப்பு வரும். ஒரு பாட்டில் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தால் அவருக்குத் திருப்தியாக இருந்திருக்கும். ஆனால் நான் பார்த்த மாடிகளில் செடி கெடுவதற்கான காரணங்களில் தண்ணீருக்கும் வெயிலுக்கும் பருவத்துக்கும் பிறகுதான் உரத்தின் முறை வருகிறது.

தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன். "தினமும் ரெண்டு வேளை ஊத்தறேன், அப்படியும் வாடுது" என்று சொல்பவர்கள்தான் அதிகம். அந்த 'அப்படியும்' என்ற இடத்தில் 'அதனால்தான்' என்று போட்டுப் பாருங்கள், பல நேரம் சரியாக இருக்கும். வேர் மூச்சுவிட மண்ணில் காற்று வேண்டும். மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது, இலை தொங்கும். தொங்குகிறதே என்று இன்னும் ஒரு குடம் ஊற்றுவோம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடினால், ஊற்றுவதை முதலில் நிறுத்த வேண்டும்.

விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பதைவிட நல்ல ஈரமானி கிடையாது. தென்னை நார்க்கழிவு கலந்த பையில் இது இன்னும் முக்கியம். மேலே பொருபொருவென்று காய்ந்து கிடக்கும், அடியில் பிழிந்தால் தண்ணீர் வரும். பையை ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பாருங்கள், கனமாக இருந்தால் விட்டுவிடுங்கள். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. நார்க்கழிவு ஒரு தடவை சுத்தமாகக் காய்ந்துபோனால் பிறகு தண்ணீரை லேசில் ஏற்காது. ஊற்றியதெல்லாம் ஓரமாக வழிந்து அடித்துளை வழியே ஓடிவிடும், நாமோ நன்றாக ஊற்றியதாக நினைத்துக்கொள்வோம். அப்போது கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு, மூன்று நான்கு தவணையாக ஊற்ற வேண்டும்.

மே மாதத்து மதிய வெயிலில் பூசணி இலையும் கத்தரி இலையும் துவளுவது இயல்பு. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் அது நோயில்லை. காலையிலேயே துவண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அக்னி நட்சத்திரக் காலத்தில் காய்ந்த இலையையோ கரும்புச் சக்கையையோ மண்மேல் இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போடுங்கள். உரக்கடையில் நீங்கள் வாங்கும் எதையும்விட அது அதிகம் உதவும், காசும் கிடையாது.

போர்த் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மண்ணில் இரும்பு இருந்தாலும் காரத்தன்மை அதைப் பூட்டிவைத்துவிடும். அடியிலிருக்கும் பழைய இலைகள் சீராக மஞ்சளானால் அது வேறு, அங்கே தழைச்சத்துப் பற்றாக்குறை, தொழுவுரம் கேட்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீரைச் செடிக்கு விடலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம், உங்கள் தண்ணீரிலிருந்த உப்பெல்லாம் இன்னும் அடர்த்தியாக அதில்தான் இருக்கிறது, பாத்ரூம் கழுவுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைத் தாராளமாக விடலாம்.

மண் கலவை பற்றி ஆளுக்கொரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். செம்மண், நார்க்கழிவு, நன்றாக மக்கிய தொழுவுரம் மூன்றும் சம பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு என்பதற்கு மேல் நான் போவதில்லை. ஐந்து கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும். அதை அப்படியே பையில் கொட்டாமல் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள், அதிலும் உப்பு இருக்கிறது. நார்க்கழிவு ஈரம் காக்கும், மண்ணை இளக்கும். சாப்பாடு போடாது. வெறும் நார்க்கழிவில் நட்டுவிட்டுச் செடி தேறவில்லை என்பவர்கள் இதை நினைவில் வைக்கவும். தொழுவுரத்தில் குண்டாக, வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட புழு கிடந்தால் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மண்ணைச் சத்தாக்கும் மண்புழு இல்லை அது, வேரைத் தின்னும் வண்டுப் புழு.

இனி கறிவேப்பிலை. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி கேட்கப்படாத நாள் இருக்காது. குச்சியாக நிற்பதற்கு முதல் காரணம் நாம் பறிக்கும் விதம். ரசம் தாளிக்கும்போது ஓடிப்போய் அடியிலிருந்து ஈர்க்கு ஈர்க்காக உருவி வருகிறோம். இலை இல்லாத தண்டு மேலே மட்டும் நீளும். அதற்குப் பதிலாக நுனியைக் கணுவுக்குச் சற்று மேலே நறுக்கி எடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழே இரண்டு மூன்று கிளை கிளம்பும். அடுத்த தடவை அந்தக் கிளைகளின் நுனி. ஒரு வருஷத்தில் புதராகிவிடும். முழு வெயில் வேண்டும், தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். சமையலறை ஜன்னல் ஓரத்து எட்டு அங்குலத் தொட்டியில் அது மரமாகப்போவதில்லை. புளித்த மோர் ஊற்றலாமா? ஊற்றலாம், நீர்க்க ஊற்றினால் கெடுதல் இல்லை. மோர் ஊற்றிவிட்டு நிழலில் வைத்திருந்தால் அது மோருக்குத்தான் நஷ்டம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் ஒட்டியிருப்பது போலத் தெரிந்தால் கிட்டப் போய்ப் பாருங்கள். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழுவாக இருக்கும். கறிவேப்பிலையும் எலுமிச்சையும் ஒரே குடும்பம் என்பது நமக்குத் தெரியாவிட்டாலும் அந்தத் தாய்ப்பூச்சிக்குத் தெரியும். வளர்ந்ததும் புழு பச்சையாக மாறிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு நீட்டி ஒரு வாடை விடும். செடி பெரிதென்றால் இரண்டு புழுவுக்குத் தாங்கும், நான் விட்டுவிடுகிறேன். கன்று சிறிதென்றால் கையால் எடுத்துவிடுங்கள். மருந்து தேவையில்லாத பூச்சி இது.

செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறதே, அந்த மாவுப்பூச்சி விஷயம் அப்படியில்லை. அதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய கதையே இருக்கிறது. மெக்சிகோ பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று கொங்கு நாடு முழுக்கப் பரவியது. அடித்த மருந்தெல்லாம் அதன் மெழுகுப் பூச்சில் வழுக்கிக்கொண்டு போனது. கடைசியில் 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கண்ணுக்கு எட்டாத அளவு சின்ன ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து வயல்களில் விட்டார்கள். மாவுப்பூச்சியின் உடலுக்குள்ளேயே முட்டையிடும் குளவி. அதற்குப் பிறகுதான் அடங்கியது. கடும் பூச்சிக்கொல்லியை மாடிக்கு நான் ஏற்றாததற்கு இந்தக் கதைதான் காரணம். நாம் குறிவைக்கும் பூச்சிக்கு மெழுகுக் கவசம் இருக்கிறது, நமக்காக வேலை செய்யும் குளவிக்கு ஒன்றுமில்லை.

வீட்டில் என்ன செய்வது? கையடக்கத் தெளிப்பானில் வெறும் தண்ணீரையே வேகமாகப் பீய்ச்சி முதலில் கழுவிவிடுங்கள். மோசமான நுனிகளை வெட்டிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள், மாடி மூலையில் போடாதீர்கள். தண்டில் எறும்பு ஏறி இறங்குகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் இருக்கும், எறும்பை நிறுத்தாமல் மாவுப்பூச்சியை நிறுத்த முடியாது. அதன்பிறகுதான் வேப்பெண்ணெய்.

வேப்பெண்ணெயை எப்படிக் கலப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் 'அடிச்சேன், இலை கருகிடுச்சு' என்பவர்கள் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி எண்ணெய் போதும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும். முதலில் தெளிப்பது வெறும் தண்ணீர், கடைசியில் வருவது வெறும் எண்ணெய். அதனால் ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயை விட்டு, அதன் மேல் காதி சோப்புக் கரைசலோ பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரோ கொஞ்சம் விட்டு, வெதுவெதுப்பான நீர் அரை தம்ளர் சேர்த்து மூடிக் குலுக்குங்கள். மஞ்சள் வளையம் மறைந்து முழுக்க வெள்ளையாகத் திரள வேண்டும். பிறகு மீதித் தண்ணீர். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். வாரம் ஒரு முறை, மூன்று நான்கு வாரம். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள்.

மிளகாய் இலைச் சுருட்டைக்கும் இதையே அடிக்கலாமா என்றால், எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகாக மடங்கினால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி. முன்னதற்கு வேப்பெண்ணெயும் ஒட்டும் அட்டையும் உதவும். பின்னதற்கு நனையும் கந்தகத் தூள், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில், அதுவும் உச்சி வெயிலில் இல்லை. இலை சிறுத்து, சுருங்கி, செடியே குட்டையாகி நின்றுவிட்டால் பெரும்பாலும் வைரஸ். தக்காளி, வெண்டையிலும் வெள்ளை ஈ கொண்டுவந்து சேர்க்கும் இதே வகை நோய்கள் உண்டு. அதற்கு மருந்தே கிடையாது. பிடுங்கி எறிய மனம் வராமல் மாதக்கணக்கில் பஞ்சகவ்யா தெளித்துக்கொண்டிருப்பவர்களை அறிவேன். அந்தச் செடி பக்கத்துச் செடிகளுக்கு நோயைப் பந்தி வைத்துக்கொண்டிருக்கிறது. பிடுங்குங்கள்.

பஞ்சகவ்யாவுக்கு நான் எதிரியில்லை. கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பரப்பியபோது சொன்னதே மூன்று சதவீதம், லிட்டருக்கு 30 மில்லிதான். வளர்ச்சியைத் தூண்டும், பூ பிடிக்க உதவும். மருந்துக்கடை முழுவதன் வேலையையும் அது ஒன்றே செய்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் சிக்கல்.

"பீர்க்கங்கொடி நிறையப் பூக்குது, எல்லாம் உதிருது" என்று கீழ்வீட்டு மாமா ஒருநாள் படியில் நிறுத்தினார். என்ன உரம் என்று அவர் வாய் திறப்பதற்குள், "மாமா, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க, மாடிக்குப் போவோம்" என்றேன். கொடிவகைகளில் முதல் இரண்டு வாரம் வருவதெல்லாம் ஆண் பூ, உதிரத்தான் செய்யும். பெண் பூ பிறகு வரும், பூவுக்குப் பின்னால் காம்பு இருக்கும் இடத்தில் விரல் நீளத்துக்குப் பிஞ்சுக் காய் இருக்கும். அதுவும் பழுத்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். நாலாவது மாடிக்குத் தேனீ வருவது அபூர்வம், நாம்தான் கையால் சேர்க்க வேண்டும், அதுவும் பூ விரியும் நேரத்தில். பாகல், பூசணி, வெள்ளரி காலையில் மலரும். பீர்க்கு, சுரை, புடலை பொழுது சாயும்போதுதான் விரியும். காலையில் எழுந்து பஞ்சு வைத்துக்கொண்டு பீர்க்கில் நிற்பவருக்கு ஒன்றும் நடக்காது.

மாமா டார்ச்சுடன் வந்தார். மஞ்சள் பூக்கள் அப்போதுதான் மடிப்புப் பிரிந்துகொண்டிருந்தன. ஒரு ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, இதழ்களைப் பின்னுக்குத் தள்ளினால் நடுவில் மகரந்தம் பொடியாக நிற்கும், விரலில் தொட்டால் ஒட்டும். அதைப் பெண் பூவின் நடுவிலிருக்கும் ஈரப்பிசுக்கான முடிச்சில் மெதுவாகச் சுற்றித் தேய்க்க வேண்டும். அவ்வளவுதான். எந்தப் பூவில் தேய்த்தோம் என்று தெரிய ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். இரண்டு நாளில் பிஞ்சு நிறம் குன்றாமல் பருத்தால் பிடித்துவிட்டது. மாமாவுக்கு அதற்குப் பிறகு சாயங்கால டிவி சீரியல் போயிற்று.

மல்லிகை பூக்காததும் உரக் கேள்வி இல்லை, கத்தரிக்கோல் கேள்வி. குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டச் சொல்கிறார்கள். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. புதுத் தளிரில்தான் மொட்டு வரும். வெட்ட மனம் வராமல் கொடியைக் கம்பியில் சுற்றிச் சுற்றி வளர்த்தால் பால்கனிக்குப் பச்சைத் திரை கிடைக்கும், தலைக்குப் பூ கிடைக்காது. ஐந்தாறு மணி நேர வெயில் இல்லாத இடத்தில் மல்லி வைக்கவே வேண்டாம்.

ரோஜாவில் வேறொன்றைப் பாருங்கள். நர்சரிச் செடி பெரும்பாலும் ஒட்டுக் கட்டியது. ஒட்டு முடிச்சுக்குக் கீழேயிருந்து வேகமாக, நீளமாக ஒரு கிளை கிளம்பி, அதன் இலையும் முள்ளும் மற்ற கிளைகளிலிருந்து மாறித் தெரிந்தால் அது அடிச்செடியின் கிளை. 'நல்லா வளருதே' என்று விட்டால் மேலே கட்டிய ரோஜாவை அது ஒழித்துவிடும். அடியோடு நீக்குங்கள்.

தக்காளிக் காயின் அடியில் கறுப்பாகத் தட்டையாக அழுகினால் சுண்ணாம்புச்சத்துப் பிரச்சினை என்று முட்டை ஓடு போடுவார்கள். ஓடு மக்கிச் சத்தாவதற்குள் தக்காளிச் செடியின் ஆயுளே முடிந்துவிடும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் மூழ்கடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். சீராக ஊற்றினால் அடுத்த காய்கள் சரியாகும். ஏப்ரல், மே மாதத்தில் தக்காளிப் பூ உதிர்வதற்கும் ஒன்றும் போட வேண்டாம். இரவும் புழுக்கமாக இருந்தால் அது காய் பிடிக்காது. ஆடியில் விதையுங்கள், நம் ஆட்கள் பட்டம் பார்த்தது சும்மா இல்லை.

சாமான்கள் பற்றிக் கேட்பவர்களிடம் என் முதல் வேண்டுகோள், பத்துச் சாமான் கொண்ட பளபளப்புப் பெட்டியை வாங்காதீர்கள் என்பதே. ஒரு களைக்கொத்து, ஒரு பூவாளி, இரண்டு லிட்டர் அழுத்தத் தெளிப்பான், ஒரு நல்ல கத்தரி. இதில் கத்தரிக்கு மட்டும் காசு செலவழியுங்கள். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடந்துபோகும் வகை பச்சைத் தண்டுக்கு. ஒரு அலகு தட்டையான அடிக்கட்டை மேல் வந்து அமுக்கும் வகை காய்ந்த குச்சிக்கு, பச்சைத் தண்டை அது நசுக்கும். நோய்ச்செடியை வெட்டியபின் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த செடிக்குப் போங்கள். தெளிப்பான் அடைத்துக்கொள்வதற்குக் காரணம் வேப்பெண்ணெய் காய்ந்து மூக்கில் நின்றுவிடுவதுதான், வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீர் விட்டு ஒருமுறை அடித்துவிட்டு வையுங்கள். சொட்டுநீர்க் குழாய் போடுபவர்கள் வடிகட்டியில் மிச்சம் பிடிக்க வேண்டாம், உப்புத் தண்ணீரில் சொட்டுவான்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

பைகளில் மெலிசான பிளாஸ்டிக் வெயிலில் ஒரு வருஷத்தில் உதிரும், கனமான எச்.டி.பி.இ. பை பல வருஷம் நிற்கும். கத்தரி, மிளகாய், தக்காளிக்கு 15க்கு 15 அங்குலம் போதும். அதில் 40 லிட்டருக்கு மேல் கலவை பிடிக்கும், நனைந்தால் செம்மண் அளவைப் பொறுத்து 40 கிலோவை எட்டும். புழங்கும் மொட்டை மாடிக்கு ஐ.எஸ். 875 தரநிலை வைக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. அதனால் பைகளை நடுமாடியில் குவிக்காமல், சுவரும் உத்திரமும் போகும் வரிசையில், இடைவெளி விட்டு, செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தளம் ஒழுகும் என்ற பயம் பெரும்பாலும் பைக்கு அடியில் தேங்கும் ஈரத்தால் வருவது. தொட்டிக்குக் கீழே தட்டு வைப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது கொட்டிக் கழுவுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசு அதில் குடும்பம் நடத்தும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் யார் தண்ணீர் ஊற்றுவது என்பது வருஷா வருஷம் வரும் கேள்வி. ஜனவரியில் அவ்வளவு பயமில்லை. தொட்டிகளை நிழலில் ஒன்றோடொன்று நெருக்கி வைத்து, நன்றாக ஊற்றி, மூடாக்குப் போட்டால் மூன்று நான்கு நாள் தாங்கும். சின்னத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரைச் சற்று உயரத்தில் வைத்து, பருத்தித் துணித் திரியின் ஒரு முனையை வாளியிலும் மறுமுனையை மண்ணிலும் புதைத்துவிடுங்கள், தானாக ஊறிக்கொண்டிருக்கும். வாரத்துக்கு மேல் போவதென்றால் பக்கத்து வீட்டில்தான் சொல்ல வேண்டும். எந்தப் பைக்கு எத்தனை சொம்பு என்று சாக்பீஸால் பையிலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பாசத்தில் எல்லாவற்றுக்கும் குடம் குடமாக ஊற்றிவைத்திருப்பார்கள். வெண்டைக்காயை மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள் அவர்களையே பறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முற்றவிட்டால் செடி விதைக்குப் போய்விடும், திரும்பி வந்து பார்த்தால் பூ இருக்காது.